பொரித்த கூட்டில் ஒரு சரித்திரம்



சென்ற ஆண்டு எங்கள் நாக்பூர் கிளையின் ஆண்டு விழாவில் "நம் முன்னோர்களின் உணவு" என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். ரிடையர் ஆன ஆசாமிக்கு மைக் கிடைத்தால் விடுவானா? இருபது நிமிஷம் பேசினேன். மூன்று விஷயங்களை அடித்துச் சொன்னேன். முதலாவது, நம் அகத்துச் சமையல் 2,000 வருஷமாக மாறவே இல்லை. இரண்டாவது, சிராத்தச் சமையலில் சேர்ப்பதெல்லாம் நம் நாட்டுச் சரக்கு, விலக்குவதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. மூன்றாவது, இன்றைய இளைஞர்கள் 'வீகன், வீகன்' என்று சொல்கிறார்களே, அது நமக்குப் புதிதே அல்ல, நாம் எப்போதும் அப்படித்தான் சாப்பிட்டோம். நல்ல கைதட்டல். காப்பி சாப்பிடும்போது நாலைந்து பேர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

பேசியதை அப்படியே கட்டுரையாக எழுதித் தாருங்கள் என்று காரியதரிசி கேட்டார். எழுத உட்கார்ந்தபோதுதான் சங்கடம் ஆரம்பித்தது. பேசும்போது நாக்கு ஓடிவிடுகிறது, எழுதும்போது பேனா நின்று "சாட்சி எங்கே?" என்று கேட்கிறது. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவன். மத்திய அரசின் வேளாண் விற்பனைத் துறையில், அக்மார்க் பரிசோதனைச் சாலைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் பருப்பையும் மிளகையும் மிளகாயையும் சோதித்துக் காலம் தள்ளியவன். தப்பான ரிப்போர்ட் ஒன்று போய்விட்டால் உடனே திருத்த அறிக்கை அனுப்பவேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இந்தக் கட்டுரை அப்படி ஒரு திருத்த அறிக்கை. நான் அன்று சொன்ன மூன்றும் அப்படியே நிற்கவில்லை.

பேத்தி கேட்ட கேள்வி

முதலில் இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. இந்த வருஷத் திவசத்துக்குப் பெங்களூரில் வேலை பார்க்கும் என் பேத்தி வந்திருந்தாள். அவள் பால், தயிர், நெய் எதையும் தொட்டு இரண்டு வருஷமாகிறது. கன்றுக்குட்டிக்கு உள்ளதை நாம் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது அவள் கட்சி. என் பிள்ளைக்கு ஒரே கவலை. திவசச் சமையலில் எதில் நெய் இல்லை? இவள் என்ன சாப்பிடுவாள்?

சமைக்க வந்த மாமி விவரம் தெரிந்தவர். புடலங்காய்ப் பொரித்த கூட்டில் நெய்யில் தாளித்துக் கொட்டுவதற்கு முன்பாகவே ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து இலையில் உட்கார்ந்தபோது, பேத்தி அந்தக் கூட்டைச் சாதத்தில் போட்டுப் பிசைந்து, வேறு எதையும் கேட்காமல் மூன்று தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். பிறகு கேட்டாள்:

"தாத்தா, இன்னிக்குச் சமையல்ல மிளகாயே இல்லையே, ஏன்? தக்காளியும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை."

"அது சாஸ்திரம்மா."

"சாஸ்திரத்துல மிளகாய்னு எழுதியிருக்கா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதியிருக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது. ஏனென்றால் தர்ம சாஸ்திரங்கள் எழுதப்பட்ட காலத்தில் இந்த தேசத்தில் மிளகாயே கிடையாது.

மிளகும் மிளகாயும்

மிளகாயின் பிறந்த வீடு மெக்ஸிகோவும் அதை ஒட்டிய அமெரிக்கப் பகுதிகளும். 1492-ல் கொலம்பஸ் கப்பல் ஏறியது நம் மிளகையும் மற்ற வாசனைச் சரக்குகளையும் தேடி. வழி தவறி அமெரிக்காவில் போய் இறங்கினார். அங்கே மிளகு இல்லை. அதைவிட உறைக்கும் ஒரு காய் இருந்தது. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். 1510-ல் போர்ச்சுகீசியர் கோவாவைப் பிடித்தார்கள். அவர்கள் கப்பல்களோடு மிளகாயும் நம் கரைக்கு வந்தது. மிளகைத் தேடிப் போன பயணத்தில் கிடைத்த மிளகாய், கடைசியில் மிளகின் சொந்த ஊருக்கே வந்து அதன் ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டது.

நம் பாஷையிலேயே சாட்சி இருக்கிறது. பழைய சரக்குக்குச் சின்னப் பெயர்: மிளகு. புதிதாக வந்ததற்கு அதை ஒட்டி ஒரு பெயர்: மிளகு போன்ற காய், மிளகாய். தக்காளி கதையும் இதேதான். மணத்தக்காளி நம் ஊர்ச் செடி. அமெரிக்காவிலிருந்து பெரிய பழம் ஒன்று வந்தபோது அதைச் சீமைத் தக்காளி என்றார்கள். நாளடைவில் சீமை உதிர்ந்து அதுவே தக்காளி ஆகிவிட்டது. பரங்கிக்காய்க்கு விளக்கமே வேண்டாம். பரங்கி என்றால் யார் என்று நம் தாத்தாக்களுக்குத் தெரியும்.

மிளகாய் இவ்வளவு சுலபமாக எப்படி நுழைந்தது? எனக்குக் குண்டூரிலும் கொச்சியிலும் வேலை பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. ஒன்று மிளகாய் ஊர், இன்னொன்று மிளகுத் துறைமுகம். மிளகுக் கொடிக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையும் நிழலும் வேண்டும், ஏறுவதற்கு ஒரு மரம் வேண்டும், காய்க்கச் சில வருஷம் காத்திருக்கவேண்டும். மிளகாய்ச் செடிக்கு எந்த மண்ணும் போதும். கொல்லையில் விதை போட்டால் சில மாதத்தில் காய். மிளகு எப்போதுமே ஏற்றுமதிச் சரக்கு, விலை உயர்ந்தது. மிளகாய் ஏழை வீட்டுக்கும் எட்டியது.

இன்னொரு காரணம் நம் நாக்கிலேயே இருக்கிறது. மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின். மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின். வேறு வேறு ரசாயனங்கள். ஆனால் இரண்டும் தட்டுவது நரம்பில் உள்ள ஒரே கதவைத்தான். டி.ஆர்.பி.வி.1 என்ற அந்தக் கதவை 1997-ல் கேப்சைசினை வைத்துக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பழைய பூட்டுக்கு மலிவான புதுச் சாவி கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

பழைய சாட்சிகள்

சரி, மிளகாய்க்கு முன்னால் என்ன சாப்பிட்டோம்? நல்ல வேளையாகத் தமிழில் சாட்சி உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை ஏறத்தாழ 1,800 வருஷத்துக்கு முற்பட்டது, உ.வே. சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டைப் பதிப்பித்திராவிட்டால் நமக்கு எளிதில் கிடைத்திருக்காது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெறப் போகும் ஏழைப் பாணன் ஒருவனுக்கு, வழியில் எந்தெந்த வீட்டில் என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறார்.

அதில் அந்தணர் வீடு ஒன்று வருகிறது. மாதுளம்பிஞ்சைப் பிளந்து, மிளகுப்பொடி தூவி, கறிவேப்பிலை சேர்த்து, பசுமோரில் எடுத்த வெண்ணெயில் வெந்த கறி. கூடவே மாவடு ஊறுகாய். நம் அகத்துச் சமையலறை அப்படியே கண்முன் வருகிறதல்லவா? மிளகு இருக்கிறது, கறிவேப்பிலை இருக்கிறது, வடுமாங்காய் இருக்கிறது. மிளகாய் இல்லை. ஆனால் வெண்ணெய் இருக்கிறது என்பதை நான் மேடையில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லாமல் விட்டேன். அதே பாட்டில், அதே பாணன், முல்லை நிலத்தில் ஒரு குடியானவர் ஊரில் வரகரிசிச் சோற்றோடு அவரைப்பருப்புப் புழுக்கு சாப்பிடுகிறான். வேகவைத்துக் குழைத்த பருப்பு, அதுதான் புழுக்கு. நம் கூட்டுக்கு மிக நெருங்கிய உறவு எது என்று கேட்டால், அந்தணர் வீட்டு மாதுளங்காய்க் கறி அல்ல, இந்த அவரைப் புழுக்குத்தான். கூட்டு நம் வீட்டில் மட்டும் பிறந்த குழந்தை இல்லை.

அடுத்த சாட்சி என் சொந்த ஊர்ப் பக்கம். நான் தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்து அக்ரஹாரத்தில் பிறந்தவன். அம்பாசமுத்திரத்தில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டு வரகுண பாண்டியன் கல்வெட்டு, ஸ்வாமி நைவேத்தியத்துக்கு என்னென்ன என்று பட்டியல் போடுகிறது. அரிசி, பயற்றுப்பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை. காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி. இவற்றுக்குச் சேர்க்க மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி. அங்கும் மிளகாய் இல்லை. அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்குத் திவசத்தன்று மாமி கொடுத்த சாமான் லிஸ்ட்தான் ஞாபகம் வந்தது. 1,100 வருஷத்துக்குப் பிறகும் அன்று ஒரு நாள் மட்டும் நம் சமையலறை அந்தக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

ஆக, முதல் திருத்தம் இது. நம் சமையல் மாறவில்லை என்பது தப்பு. வருஷத்தில் 360 நாளும் மாறித்தான் இருக்கிறது. திவசம், நைவேத்தியம் போன்ற சில நாட்களில் மட்டும் பழையபடி நிற்கிறது.

விலக்கிய காய், சேர்த்த காய்

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுத் திவசச் சமையலில் வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், அவரைக்காய், சேனை, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, பிரண்டைத் துவையல் உண்டு. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கோஸ், பீன்ஸ், காரட் கிடையாது. உருளையும் தக்காளியும் பீன்ஸும் அமெரிக்கப் பயிர்கள். கோஸும் இன்றைய காரட்டும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் நீலகிரியில் உருளைக்கிழங்கையும் மற்ற ஐரோப்பியக் காய்களையும் பயிராக்கிய பிறகுதான் தென்னாட்டில் இவை பரவின. "இங்கிலீஷ் காய்" என்று என் பாட்டி சொன்னது சும்மா இல்லை. வந்த காலத்தில் இவற்றைப் புதுச் சரக்கு என்று விலக்கியிருக்கிறார்கள். காரணம் மறந்துபோனது, வழக்கம் நின்றது. பேத்தி கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

ஆனால் இந்த லிஸ்டை ஒரு சுத்தமான சரித்திர ஆவணம் என்று நான் மேடையில் சொன்னது சரியில்லை. சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் பாருங்கள். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்! தித்திப்பாக, சேப்பங்கிழங்குக்குத் தங்கை மாதிரி சாதுவாக இருந்ததால் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபக்கம், கத்திரிக்காயும் முருங்கைக்காயும் நம் மண்ணின் மைந்தர்கள். அவற்றை எங்கள் வீட்டுத் திவசத்தில் சேர்ப்பதில்லை. ஆக, விலக்குவதெல்லாம் அந்நியம் என்பதும் தப்பு, சேர்ப்பதெல்லாம் சுதேசி என்பதும் தப்பு.

இன்னும் கொஞ்சம் தோண்டினால் இன்னும் சங்கடம். அவரையின் காட்டு மூதாதை ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அது நம் தென்னாட்டுக்கு வந்து சுமார் 3,500 வருஷம் ஆகிறது. புளியமரமும் ஆப்பிரிக்க மரம். அராபியர் அதற்கு 'தமர் இ ஹிந்த்', அதாவது இந்தியப் பேரீச்சை என்று பெயர் வைக்கும் அளவுக்கு நம்முடையதாகிவிட்டது. சீரகம் மேற்காசியாவிலிருந்து வந்தது. பெருங்காயம் ஆப்கானிஸ்தானத்துக்கும் ஈரானுக்கும் உரியது. நம் நாட்டில் அதைப் பயிராக்கும் முதல் நாற்று 2020 அக்டோபரில்தான் ஹிமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் நடப்பட்டது. பெருங்காயம் இல்லாத ரசத்தை யார் வீட்டில் குடிப்பார்கள்?

என் மனைவி வாரத்தில் இரண்டு நாளாவது செய்தது சௌசௌக் கூட்டு. நம் மாமிகளில் பாதிப் பேர் அப்படித்தான். அதைவிட நம்முடையது என்று சொல்லக்கூடிய பண்டம் இருக்கிறதா? அந்தச் சௌசௌ மெக்ஸிகோ பக்கத்துக் கொடி. நாம் அதைப் பெங்களூர் கத்திரிக்காய் என்கிறோம். பெங்களூர்க்காரர்களோ 'சீமெ பதனேகாயி', அதாவது சீமைக் கத்திரிக்காய் என்கிறார்கள். "நம்ம ஊர் இல்லை" என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் கையைக் காட்டுகிறார்கள், ஆனால் எல்லார் வீட்டுக் கூட்டிலும் அது கொதிக்கிறது.

பருப்பு மட்டும் நம்முடையது

எல்லாமே வந்தேறி என்றால் நம்முடையது எதுவும் இல்லையா என்று கேட்காதீர்கள். உண்டு, பருப்பு. பயறு, உளுந்து, கொள்ளு, துவரை ஆகிய நாலும் இந்த உபகண்டத்திலேயே மனிதன் வசப்படுத்திய பயிர்கள். கர்நாடகத்தில் பல்லாரிப் பக்கம் சங்கனகல்லு முதலான புதிய கற்கால ஊர்களில் மண்ணைச் சலித்துப் பார்த்த தொல்லியல் அறிஞர்களுக்கு, நாலாயிரம் வருஷத்துக்கு முற்பட்ட கரிந்த பச்சைப்பயறும் கொள்ளும் சிறுதானியங்களோடு கிடைத்திருக்கின்றன. டோரியன் ஃபுல்லர் என்ற அறிஞர் இதில் நிறைய உழைத்தவர். துவரையின் காட்டு உறவு இன்றும் ஒடிஷா, பஸ்தர் காடுகளில் இருக்கிறது. அங்கே தொடங்கிய பயிர் 3,400 வருஷத்துக்கு முன்பே தெற்கிலும் பரவிவிட்டது. கடலைப்பருப்பு மட்டும் துருக்கிப் பக்கத்திலிருந்து பழங்காலத்திலேயே வந்த விருந்தாளி.

அரிசிக்கும் பருப்புக்கும் உள்ள தாம்பத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். ஆனால் மெத்தியோனின் குறைவு. அது அரிசியில் உண்டு. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. நூறு கிராம் பயத்தம்பருப்பில் சுமார் 24 கிராம் புரதம். போதாததற்கு, பயறுச் செடியின் வேர் முண்டுகளில் குடியிருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கே உரமாகத் தருகிறது. நம்மையும் வளர்த்து மண்ணையும் வளர்க்கும் பயிர்.

இவ்வளவு சொந்தமான பண்டத்தையே நாம் கைவிடப் பார்த்தோம் என்பதும் சரித்திரம்தான். 1965, 66 வறட்சிக்குப் பிறகு பசுமைப் புரட்சி கோதுமையையும் நெல்லையும் தூக்கிவிட்டது. நல்ல நிலமும் தண்ணீரும் அவற்றுக்குப் போயின, பருப்பு மானாவாரிக்குத் தள்ளப்பட்டது. 1961-ல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 69 கிராம் கிடைத்த பருப்பு 2001-ல் 30 கிராமாக இறங்கியது. பின்பு கொஞ்சம் தேறியது. 2015-ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

பருப்பு கிராக்கியாகும்போதெல்லாம் எங்கள் பரிசோதனைச் சாலையில் வேலை அதிகமாகும். துவரம்பருப்பில் ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால், மெட்டனில் மஞ்சள் என்ற சாயம் பூசியிருந்தால் ரோஜா நிறம் காட்டும். கேசரிப் பருப்பு கலந்திருக்கிறதா என்றும் பார்ப்போம். அதையே நாள்கணக்கில் சாப்பிட்ட ஏழைகளுக்குக் கால் விழுந்துவிடும். அதன் விற்பனைக்கு 1961-ல் தடை வந்தது, அதன் விஷம் இன்னது என்று 1964-ல் நம் நாட்டு விஞ்ஞானிகளே கண்டுபிடித்தார்கள். சாயம் ஏறிய குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தப் பருப்பு யார் வீட்டுக் குழந்தையின் தட்டுக்குப் போயிருக்குமோ என்று நினைத்த நாட்கள் உண்டு. பருப்புச் சாதம் ஆறுதல் உணவு என்று நாம் சொல்கிறோம். அந்த ஆறுதல் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை.

பூரியில் ஒரு சொந்தம்

உத்தியோக நிமித்தம் ஊர் ஊராகச் சுற்றியதில் எனக்குக் கிடைத்த லாபம், நம் கூட்டுக்கு எங்கெல்லாம் சொந்தபந்தம் இருக்கிறது என்று பார்த்தது. கேரளத்து எரிசேரியை நம்மவர் எல்லாரும் அறிவார்கள். பலருக்குத் தெரியாதது ஒடிஷாவின் 'டால்மா'. பருப்பையும் வாழைக்காய், சேனை, கத்திரி முதலிய காய்களையும் ஒன்றாக வேகவைத்து, சீரகத்தோடு இறக்குகிறார்கள். முதல் கவளத்தில் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

பூரி ஜகந்நாதர் கோயில் மடைப்பள்ளியில் இன்றும் விறகடுப்பில், மண்பானையில்தான் மகாப்பிரசாதம். அங்கும் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கோஸ், காலிஃப்ளவர் கிடையாது. காரத்துக்கு மிளகு. நம் திவச லிஸ்டுக்கும் பூரி மடைப்பள்ளி லிஸ்டுக்கும் ஆயிரம் மைல் தூரம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. இதை நாம் மட்டும் காப்பாற்றினோம் என்று நான் மேடையில் மார்தட்டியதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நாம் வீகனாக இருந்தோமா?

மூன்றாவது திருத்தம் சுருக்கமானது. இல்லை. 'வீகன்' என்ற சொல்லை 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்ஸனும் நண்பர்களும் உண்டாக்கினார்கள். பாலும் வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. நாமோ பெரும்பாணாற்றுப்படைக் காலத்திலேயே வெண்ணெய், வரகுணன் காலத்தில் நெய்யும் தயிரும். மோர்சாதம் இல்லாமல் நம்மவர் இலையிலிருந்து எழுந்ததாகச் சரித்திரமே கிடையாது. தாவர உணவில் பி-12 வைட்டமின் இல்லை. நமக்கு அதைக் கொடுத்து வந்தது தயிர்ப்பானைதான். பேத்தி டாக்டரைக் கேட்டு அதற்கு மாத்திரை சாப்பிடுகிறாள். அவள் செய்வது புதிது. "நாங்கள் எப்போதோ செய்துவிட்டோம்" என்று அதை நாம் அபகரிக்கக்கூடாது. ஆனால் அவள் உட்கார்ந்து நிறைவாகச் சாப்பிட நம்மிடம் ஒரு பண்டம் இருந்தது. அந்த அளவுக்குப் பெருமைப்படலாம்.

யார் கை?

பாட்டில் புலவர் பெயர் இருக்கிறது. கல்வெட்டில் ராஜா பெயர் இருக்கிறது. சமைத்தவர் பெயர் எங்கும் இல்லை.

எங்கள் அகத்தில் பொரித்த கூட்டு என்றால் அத்தைதான். 16 வயதில் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். ஐம்பது வருஷம் எங்கள் எல்லாருக்கும் சமைத்துப் போட்டார். அவர் சாப்பிட்டது பகலில் ஒரு வேளை. எங்களுக்கு ஜுரம் வந்தால் மிளகும் சீரகமும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, குழைந்த சாதத்தில் கூட்டைப் பிசைந்து ஊட்டுவார். அவருக்கு ஜுரம் வந்தபோது யார் பிசைந்து கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

அப்படிப்பட்ட கைகளில் ஒரு ஜோடியாவது தன் பெயரோடு புத்தகம் போட்டதே என்று சந்தோஷப்படவேண்டும். எஸ். மீனாக்ஷி அம்மாளும் இளம் வயதில் கணவரை இழந்தவர். மாமா கே.வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் ஊக்கத்தில் 1951-ல் அவர் வெளியிட்ட 'சமைத்துப் பார்' எத்தனை கல்யாணப் பெண்களோடு டெல்லி, பம்பாய், கல்கத்தா என்று ரயில் ஏறியிருக்கும்! என் மனைவியோடும் வந்தது.

இன்னொரு விஷயமும் மனதை உறுத்துகிறது. 1,800 வருஷத்துக்கு முந்திய அந்தப் பாட்டில், அலைந்து திரியும் ஒரு பாணனுக்கு அந்தணர் வீட்டில் சாப்பாடு கிடைக்கிறது. என் தாத்தா வீட்டுக்கு அவன் வந்திருந்தால் கிடைத்திருக்குமா? திண்ணைக்கு அப்பால் நின்று வாங்கியிருப்பான். பழைமையைக் காப்பாற்றினோம் என்று சொல்லும்போது, எதைக் காப்பாற்றினோம், எதை விட்டுவிட்டோம் என்று இரண்டையும் கணக்கு எழுதவேண்டும்.

ஒரு கை

கடைசியாகக் கூட்டு. மனைவி போன பிறகு நானே சமைத்துக்கொள்கிறேன். அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் எழுதிவைத்திருக்கிறாள். பொரித்த கூட்டுக்கு அவள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "ப.பருப்பு இரண்டு கை. காய் பாத்திரம் பாதி. உளுந்து, மிளகு, சீரகம் வறுத்துத் தேங்காயோடு அரை. தாளி."

லாபில் நாலாவது தசமம் வரை நிறுத்துப் பழகிய எனக்கு 'இரண்டு கை' என்பது என்ன அளவு? என் கையால் இரண்டு கை போட்டேன். களி மாதிரி வந்தது. குறைத்துப் போட்டேன். தண்ணீராக ஓடியது. மூன்று வருஷம் அப்படித்தான் ஒரு நாள் களி, ஒரு நாள் தண்ணி.

திவசத்துக்கு மறுநாள் பேத்தி அதே கூட்டு மறுபடி வேண்டும் என்றாள். நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். படித்தாள், டப்பாவில் கையை விட்டு இரண்டு கை பருப்பு எடுத்தாள். சும்மா இருக்க முடியாமல் நான் தராசில் வைத்துப் பார்த்தேன். 82 கிராம். என் கையில் இரண்டு கை 120. அவள் கை அவள் பாட்டி கை அளவு.

சௌசௌ இரண்டைத் தோல் சீவி நறுக்கி, மஞ்சள்பொடி, உப்பு போட்டு வேகவைத்தாள். பருப்பைத் தனியாக மலர வேகவைத்துச் சேர்த்தாள். இரண்டு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம் வறுத்து, அரை மூடித் தேங்காயோடு அரைத்து விட்டு ஒரு கொதி. நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை. அவ்வளவுதான். மெக்ஸிகோக் காய், நாலாயிரம் வருஷத்துப் பருப்பு, மலைநாட்டு மிளகு, மேற்காசியச் சீரகம் எல்லாம் ஒரே உருளியில். கூடியது எதுவோ அது கூட்டு.

வாயில் போட்டேன். பதம் சரியாக இருந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு.

நோட்டுப் புத்தகத்தில் மனைவியின் எழுத்துக்குப் பக்கத்தில் '82 கிராம்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருந்தால், எழுதியவர் இருக்கும்போதே தராசை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நில்லுங்கள். இது ஒரு ரிடையர்டு பரிசோதனைச் சாலைக்காரனின் விண்ணப்பம்.